இடது பக்கத்து நாலு பெஞ்ச்

டைப் டீச்சருக்கு அந்த மாதம் வந்து வாய்த்த வேலை, ஐம்பது வருடத்துக்கு முன் நடந்த ஒரே ஒரு கூட்டத்தில் உண்மையில் என்னதான் நடந்தது என்று கண்டுபிடிப்பது. சொன்னால் சின்ன விஷயம். ஒரு சபை இரண்டாகப் பிரிந்தது. ஏன் பிரிந்தது? இந்த ஒற்றைக் கேள்வியோடு அவள் பதினாறு வீடு ஏறி இறங்கினாள். பதினேழு பதில் கிடைத்தது. கூடுதலாக ஒன்று எப்படி வந்தது என்றால், மளிகைக்கடைக்காரர் வீட்டில் கணவனும் மனைவியும் ஆளுக்கொன்று சொல்லி, அவள் எதிரிலேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். அவள் தன் நோட்டை மூடி வைத்துவிட்டு இரண்டு பேரையும் சமாதானம் செய்துவிட்டு வந்தாள்.

"சபைக்கு அம்பது வருஷம் ஆகுது, டீச்சரம்மா. ஒரு சரித்திரம் போடணும். நீங்கதான் வேகமா டைப் அடிப்பீங்களே" என்று மூப்பர் சொன்னதில் ஆரம்பித்தது இது. வேகமாக டைப் அடிக்கிறவளுக்குச் சரித்திரமும் தெரியும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. முப்பது வருடமாக டைப் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவள் அவள். அடுத்தவர் எழுதியதைப் பிழையில்லாமல் அடிக்கத் தெரியும். அடுத்தவர் எழுதாமல் விட்டதை எப்படி அடிப்பது?

சபையின் பெயர் 'எழுந்தோர் சபை'. அது அவர்களே வைத்துக்கொண்டது. தெருவில் வைத்த பெயர் 'நிக்கிற சபை'. காரணம், அங்கே உட்கார ஒன்றும் கிடையாது. பெஞ்ச் இல்லை, நாற்காலி இல்லை, ஒரு பாய்கூட இல்லை. ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை முழு ஆராதனையும் நின்றபடிதான். 'எங்கள் முன்னோர் சத்தியத்துக்காக எழுந்து நின்றார்கள்; நாங்கள் உட்கார மாட்டோம்' என்று சுவரில் நீல பெயின்டில் எழுதியிருக்கும். வயதானவர்கள் பிடித்துக்கொள்ளச் சுவரோரம் ஓர் இரும்புக் கம்பி உண்டு. பஸ்ஸில் போவதுபோல அதைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணுவார்கள். சாய்ந்து நிற்பது உட்கார்வதில் சேருமா சேராதா என்று விவாதிக்கவே ஒரு காலத்தில் கமிட்டி போட்டு ஒன்றரை வருடம் பேசியிருக்கிறார்கள்.

கூடுகிற இடம், மூப்பரின் கடிகாரக் கடைக்கு மேலே உள்ள மாடி அறை. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு யாரும் திரும்ப வாங்க வராத சுவர்க் கடிகாரங்களையெல்லாம் மூப்பர் அங்கே மாட்டி வைத்திருந்தார். மொத்தம் ஒன்பது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பிரசங்கத்தின் நடுவில் ஒன்று பத்து அடிக்கும், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் இன்னொன்று நாலு அடிக்கும். கடிகாரக்காரர் மூப்பராக இருக்கிற சபையில் சரியான மணி தெரியவேண்டுமானால் அவரவர் கைக்கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தச் சபைக்கு மூன்றே மூன்று விதி. ஆராதனையில் உட்காரக் கூடாது. சபைக்கு வெளியே பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாது. தாங்கள் பிரிந்து வந்த பழைய கோயிலின் வாசலை மிதிக்கவே கூடாது, கல்யாணமானாலும் சரி, சாவானாலும் சரி. முதல் விதியில் டீச்சரின் முட்டி இரண்டும் போயின. இரண்டாவது விதியில் கல்யாணம் போனது. அவளுக்கு வயது வந்த காலத்தில் சபைக்குள் மணமாகாத ஆண்கள் மூன்று பேர்: ஒருவர் சித்தப்பா முறை, இன்னொருவர் எழுபதைத் தாண்டியவர், மூன்றாமவர் இந்தக் கடிகாரக்காரர். அதற்குச் சும்மாவே இருந்துவிடலாம் என்று இருந்துவிட்டாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மூன்றாவது விதியைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இருபத்தெட்டு வருடம் முன்பு தங்கை பழைய கோயில்காரரான ஓர் எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டாள். அப்பா சபையின் ஸ்தாபகர்களில் முதல் ஆள். அன்றே மகளின் பெயரைச் சபைப் பதிவில் சிவப்பு மையால் அடித்தார். "யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது" என்றார். வீட்டில் மீதி இருந்த 'யாரும்' டீச்சர் ஒருத்திதான். கல்யாணத்தன்று அவள் பழைய கோயிலுக்கு எதிரே மருந்துக்கடை வாசலில், மாத்திரை வாங்க வந்தவள் மாதிரி, ஒன்றரை மணி நேரம் நின்றாள். தங்கை மாலையோடு வெளியே வந்தவள் தெருவுக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். அக்காவைப் பார்த்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினாள்.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசத்தான் செய்தார்கள், ஆனால் அடுத்த வீட்டுக்காரர்கள் பேசுகிற மாதிரி. நடுவில் ஒட்டு போட்டது தங்கையின் மகள். அவள் பிசியோதெரபிஸ்ட். செவ்வாய்க்கிழமைதோறும் வந்து பெரியம்மாவின் முட்டியை மடக்கி நீட்டிவிட்டு, "இந்த முட்டியை வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நிக்கிறீங்களே, உங்க சபையில யாருக்குமே இரக்கம் கிடையாதா?" என்று திட்டிவிட்டுப் போவாள்.

அந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் முட்டியைத் தொடாமல் தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள். "பெரியம்மா, முதல் பெஞ்சுல அம்மாவுக்குப் பக்கத்துல உங்களுக்கு இடம். நீங்க வரணும்."

"எங்கே?"

"வேற எங்கே? பழைய கோயில்லதான். அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. சொல்லட்டுமா?"

"சொல்லு."

"இந்தத் தடவையும் தெருவுக்கு அந்தப் பக்கம்தான் நிப்பீங்கன்னா, இனிமே வீட்டுப் பக்கமே வர வேண்டாமாம்."

டீச்சர் அன்று சாயங்காலமே மூப்பரிடம் போனாள். அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு கடிகாரத்தின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கல்யாணம் என்று கெஞ்சினாள். அவர் லென்ஸைக் கழற்றவே இல்லை.

"ஸ்தாபகர்கள் போட்ட விதியை நான் யாரு மாத்த? அவங்க எதுக்காக எழுந்தாங்களோ அதுக்காகத்தானே இந்த விதி. நீங்கதான் சரித்திரம் எழுதுறீங்களே, கண்டுபிடிச்சு எழுதுங்க. காரணம் சின்னதா இருந்தா ஆண்டு விழாவுல எல்லாரும் கேக்க வாசிங்க, விதியைத் தளர்த்தலாம்."

காரணம் மலையளவு இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை. கல்யாணம் அதற்கடுத்த சனிக்கிழமை. டீச்சர் அதுவரை தலைவலியாக நினைத்த வேலையை அந்த நிமிடத்திலிருந்து வரிந்துகட்டிக்கொண்டு செய்தாள்.

பதினேழு பதிலிலும் ஒரு விஷயம் மட்டும் பொதுவாக இருந்தது: கிண்ணம். அந்தக் காலத்தில் பழைய கோயிலில் திருவிருந்தின்போது திராட்சரசத்தை ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் எல்லாரும் வாய் வைத்துக் குடிப்பார்கள். புதிதாக வந்த போதகர், ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வைக்கலாம், நோய் பரவாது என்றார். நம் முன்னோர் மறுத்தார்கள், வெளியேறினார்கள் என்றது மளிகைக்கடைக்காரர். இல்லவே இல்லை, சின்னக் கிண்ணம் கேட்டதே நாம்தான், அவர்கள்தான் மறுத்தார்கள் என்றது அவர் மனைவி. சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

டீச்சருக்கு உறுத்தியது வேறு. "சின்னக் கிண்ணம் வேண்டாம்னு வெளியே வந்தோம்னா, அம்பது வருஷமா நம்ம சபையில குடிக்கிறது எதுல?" என்று கேட்டாள். எழுந்தோர் சபையில் முதல் திருவிருந்திலிருந்தே சின்னக் கிண்ணம்தான். ஸ்தாபகர்களில் ஒருவரான கம்பவுண்டர் மருந்து அளக்கிற கண்ணாடிக் கிண்ணம் இருபத்துமூன்றைக் கொண்டுவந்தார். அவற்றில் பக்கவாட்டில் அளவுக் கோடுகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. எந்தக் கிண்ணத்தை எதிர்த்துப் போனார்களோ அந்தக் கிண்ணத்திலேயே அரை நூற்றாண்டு குடித்திருக்கிறார்கள். இதை ஒருத்தராவது யோசித்தார்களா என்று நினைத்து அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பிறகு, தானும்தானே யோசிக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. எரிச்சல் இன்னும் கூடியது.

அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு பழைய கோயில் அலுவலகத்தில் இருந்தது. உள்ளே போய்ப் பார்க்க முடியாது. தங்கைக்குப் போன் செய்தாள். தங்கை கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். ஆனால் மறுநாள் காலை பத்து மணிக்குக் கோயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பழுப்பேறிய பெரிய நோட்டோடு வந்து நின்றாள்.

"உள்ளே வா. மேஜை இருக்கு, உட்கார்ந்து படி."

"இங்கேயே குடுடி."

"இது ஆபீஸ் நோட்டு. கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாதாம். அது இங்க உள்ள விதி. உங்களுக்கு மட்டும்தான் விதி இருக்கா?"

"அப்ப நீ பிடிச்சுக்கோ. நான் இங்கேருந்தே படிக்கிறேன்."

"ஒரு அடி எடுத்து வெச்சா தரை பிளந்துடுமாக்கா?"

"தெரியலை. உன்னை மாதிரி எனக்கும் பயமில்லாம இருந்திருந்தா எப்பவோ வெச்சிருப்பேன்."

தங்கை பெருமூச்சு விட்டாள். கேட்டின் கம்பிகளுக்கு நடுவே நோட்டைத் திறந்து பிடித்தாள். தெருவில் போனவர்கள் எல்லாம், ஐம்பத்தொன்பது வயதுப் பெண்மணி சிறைக்கு வெளியே நின்று கைதியைப் பார்க்கிற மாதிரி கம்பியில் முகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்ததை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

குறிப்பு சுருக்கமாக இருந்தது. சிறு கிண்ணங்களை ஏற்காதவர்கள் எழுந்து நிற்குமாறு போதகர் கேட்டார். இடது பக்கத்து முதல் நாலு பெஞ்சிலிருந்த இருபத்துமூன்று பேரும் எழுந்தார்கள். எழுந்தவர்கள் வெளியே போகலாம் என்று போதகர் சொன்னார். போனார்கள்.

"நாலு பெஞ்சும் மொத்தமாவா?" என்றாள் டீச்சர். "வலது பக்கத்துல ஒருத்தர்கூட எழுந்திருக்கலையே. பின்னாடி பெஞ்சுலயும் இல்லை."

"அடுத்த பக்கத்தைத் திருப்பட்டுமா, வேண்டாமா? கை வலிக்குது."

அடுத்த பக்கத்தில் அதே வாரத்துச் செவ்வாய்க்கிழமைக் குறிப்பு. வேறு கையெழுத்து. இடது பக்கத்து முதல் நாலு பெஞ்சுக்கு மேலே உடைந்திருந்த ஓடுகள் மாற்றப்பட்டன. கூட்டத்தன்று பெய்த மழையில் ஊறிப்போன பெஞ்சுகளை வெயிலில் போட்டுக் காயவைத்தாயிற்று.

டீச்சர் அதை மூன்று தடவை படித்தாள். தங்கை தலைகீழாகக் குனிந்து ஒரு தடவை படித்தாள். இரண்டு பேரும் கம்பிக்கு இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா" என்றாள் தங்கை மெதுவாக. "இருக்காதுக்கா."

"இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கோ" என்றாள் டீச்சர்.

அங்கிருந்து நேராகக் கம்பவுண்டர் வீட்டுக்குப் போனாள். அன்று எழுந்த இருபத்துமூன்று பேரில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். வயது எண்பத்தெட்டு. மகன் வீட்டு முன்னறையில் சாய்வு நாற்காலியில், கால்களை ஸ்டூலில் நீட்டிப் போட்டுக்கொண்டு, ரேடியோவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அன்னைக்கு மழை பெஞ்சுதா?"

அவர் ரேடியோவை அணைத்தார். "அடேயப்பா. அதைக் கேக்க இவ்வளவு நாளாச்சா?"

"பெஞ்சுதா?"

"பெஞ்சுதாவா! ஓட்டு மேல விழுற சத்தத்துல போதகர் பேசுறது பாதி கேக்கலை. உங்கப்பா முதல் பெஞ்சுல ஓரத்துல உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை. கஞ்சி போட்ட காலர். சொட்டுனு ஒண்ணு காலர்ல விழுந்துச்சு. அண்ணாந்து பார்த்தார். மூஞ்சியில இன்னொண்ணு. எழுந்துட்டார். அப்புறம் நாலு பெஞ்சுக்கும் மேல கடகடன்னு ஊத்த ஆரம்பிச்சுது, நாங்களும் எழுந்தோம். நனைஞ்சா எழுந்திருக்க மாட்டாங்களா?"

"அதைச் சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்லத்தான் வாயைத் திறந்தார் உங்கப்பா. அதுக்குள்ள போதகர் எண்ண ஆரம்பிச்சுட்டார். 'எழுந்தவங்க விளக்கம் ஒண்ணும் சொல்ல வேண்டாம், வெளியே போகலாம்'னு கத்தினார். உங்கப்பா கோபம்தான் தெரியுமே. திறந்த வாயை அப்படியே மூடிக்கிட்டார். விறுவிறுன்னு வெளியே போயிட்டார். அவர் போனா ஏதாவது காரணம் இருக்கும்னு நாங்க பின்னாலேயே போனோம்."

"மாமா, கிண்ணம்?"

"கிண்ணம் எதுவா இருந்தா எங்களுக்கென்னம்மா? எனக்கு மருந்துக் கிண்ணம்தான் சுத்தம்னு தோணுச்சு. கொண்டு வந்தேன்."

"அம்பது வருஷமா ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"எல்லாரும் வந்து 'சத்தியத்துக்காக எவ்வளவு தைரியமா எழுந்தீங்க'ன்னுதான் கேட்டாங்க. அதுக்கு நான் என்னத்தைச் சொல்ல? மழை பெஞ்சுதான்னு நீதான் முதல் ஆளா கேக்கிறே."

டீச்சர் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்துச் சுவரில் அப்பாவின் போட்டோ இருந்தது. நின்றுகொண்டிருந்தார், உட்கார்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ அவருக்குக் கிடையவே கிடையாது. அவள் அதன் எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒரு வார்த்தைப்பா. 'ஒழுகுது'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலை. அன்னைக்குச் சொல்லலை, சரி. மறுநாள் சொல்லியிருக்கலாம். தங்கச்சி கல்யாணத்தன்னைக்காவது என்கிட்ட சொல்லியிருக்கலாம். ஒரு சட்டைக் காலருக்காகவா என்னை மருந்துக்கடை வாசல்ல நிக்க வெச்சீங்க?"

அப்பா இறந்த பிறகு அவள் அவர்மேல் கோபப்பட்டதே இல்லை. அன்று பட்டாள். கோபம் அடங்காமல் உட்கார்ந்து டைப் அடித்தாள். சரித்திரம் ஒரே மூச்சில் வந்தது. ஒரு பிழை இல்லை.

ஆண்டு விழா ஞாயிறு. சபையில் மொத்தம் முப்பத்துநாலு பேர், அவ்வளவு பேரும் வந்திருந்தார்கள். கம்பவுண்டரை மரியாதை செய்வதற்காகப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கி வந்தார்கள். தூக்கி வந்தவர்கள் அவரைக் கம்பியைப் பிடிக்க வைத்துவிட்டு, நாற்காலியைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள், மாடியில் நாற்காலி இருக்கக் கூடாது என்று. ஆராதனை, பாட்டு, மூப்பரின் நீண்ட பிரசங்கம் எல்லாம் முடிந்து சரித்திரத்துக்கு வரும்போது பதினொன்றரை. ஒன்பதிலிருந்து எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

டீச்சர் வாசித்தாள். மழை, ஓடு, காலர், கிண்ணம், எதையும் மறைக்கவில்லை. காரணத்தோடு அப்பாவின் பெயரையும் சேர்த்தே வாசித்தாள். வாசித்து முடித்தபோது கடிகாரம் ஒன்று ஏழு அடித்தது.

"காரணம் சின்னதா இருந்தா தளர்த்தலாம்னு சொன்னீங்க, மூப்பரே. இதைவிடச் சின்னக் காரணம் இருக்கா?"

மூப்பர் கண்ணை மூடித் திறந்தார். "மழையை அனுப்பினது யாரு?" என்றார்.

"என்னது?"

"மழையை அனுப்பினது யாரு? சரியா அந்த நாலு பெஞ்சு மேல? சரியா அந்த நேரத்துல? இது ஓட்டை ஓடு இல்லை, டீச்சரம்மா. இது அடையாளம்!"

"ஆமென்" என்றார் மளிகைக்கடைக்காரர். அவர் மனைவியும் சொன்னாள். ஐம்பது வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். டீச்சருக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை நாள் அலைந்து திரிந்து உண்மையைத் தோண்டி எடுத்து வந்தால், அதையே எடுத்துப் புது அஸ்திவாரம் போடுகிறார்கள்.

"அடையாளம்னா ஓடு மாத்தினது? அதுவும் அடையாளமா?" என்று அவள் குரலை உயர்த்தினாள்.

மூப்பருக்கும் சூடு ஏறிவிட்டது. "இந்தப் பக்கத்தைச் சரித்திரத்துலேருந்து எடுத்துடுங்க. ஸ்தாபகர்கள் ஒழுகலுக்குப் பயந்து எழுந்தாங்கன்னு நம்புறவங்க இந்தச் சபையில நிக்கத் தகுதியில்லாதவங்க. அப்படி யாராவது இருந்தா உட்காருங்க, பார்ப்போம்!"

யாரும் உட்கார மாட்டார்கள் என்றுதான் சவால் விட்டார். டீச்சர் உட்கார்ந்தாள். நினைத்த அளவுக்கு வீராப்பாக உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து, முட்டியைப் பிடித்து, 'அம்மா' என்று முனகித்தான் தரையில் போய்ச் சேர்ந்தாள். அந்த அறையில் ஒரு மனுஷி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அடுத்து கம்பவுண்டர் கம்பியை விட்டுவிட்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். பின்னால் மூவர், ஓரத்தில் நால்வர், கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, அவளைப் பிடித்துக்கொண்டு அவள் மாமியார்.

மூப்பர் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பதினொன்றில் நிறுத்தினார். சபைப் பதிவைத் திறந்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். "உட்கார்ந்தவங்க விளக்கம் ஒண்ணும் சொல்ல வேண்டாம். வெளியே..."

"மூப்பரே!" டீச்சர் தரையிலிருந்தே கத்திய கத்தலில் கீழே கடைக்குள்ளிருந்த நாய் குரைத்தது. "அன்னைக்கு அந்தப் போதகர் சொன்ன அதே வார்த்தை! எழுத்துக்கு எழுத்து அதே வார்த்தை! எண்ணாதீங்க. கேளுங்க. ஏன் உட்கார்ந்தீங்கன்னு ஒவ்வொருத்தரையா கேளுங்க!"

மூப்பரின் பேனா அந்தரத்தில் நின்றது. வேறு வழியில்லாமல் கேட்டார்.

"கால் மரத்துப்போச்சுங்க" என்றார் ஒருவர்.

"காலையில சாப்பிடலை. கண்ணைக் கட்டிட்டு வந்துது."

"எட்டு மாசம், மூப்பரே" என்றாள் கர்ப்பிணி.

"நான் இவளுக்குத் துணைக்கு."

"எனக்கு எண்பத்தெட்டு" என்றார் கம்பவுண்டர். "அன்னைக்கே உட்கார்ந்திருக்கணும்."

பதினொரு பேரில் சரித்திரத்துக்காக உட்கார்ந்தவள் டீச்சர் ஒருத்திதான். மூப்பர் பேனாவை மூடினார். அவர் முகம் சிவந்திருந்தது. பேச்சை மாற்ற வேறொன்றும் கிடைக்காமல், "வேணும்னா ஒரு பெஞ்ச் போடுறதைப் பத்தி அடுத்த வாரம் பேசலாம்" என்றார். அவ்வளவுதான். நின்றவர்களும் உட்கார்ந்தவர்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பெஞ்சா, நாற்காலியா? சாய்மானம் வேண்டுமா? மரமா, பிளாஸ்டிக்கா? வயதானவர்களுக்கு மட்டுமா? எத்தனை வயதிலிருந்து வயதானவர்? சரித்திரத்தை எல்லாரும் மறந்தே போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் படியிறங்கி மூப்பரைப் பிடித்தாள். "சனிக்கிழமைக்கு என்ன சொல்றீங்க?"

"விதியைத் தளர்த்துறதுன்னா சும்மாவா? அதுக்குக் கமிட்டி போடணும். அடுத்த மாசம் கூடும்."

"கல்யாணம் இந்தச் சனிக்கிழமை."

"இப்படி அவசரப்பட்டா எப்படி, டீச்சரம்மா?"

அவள் அவரைப் பார்த்தாள். கண்ணில் லென்ஸ் வைத்த அடையாளம் வட்டமாக இருந்தது. இவரிடமா அனுமதி கேட்டுக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. இவருக்கு முன்னால் அப்பாவிடம் கேட்டாள். கொடுக்கிற உரிமை இரண்டு பேருக்குமே இருந்ததில்லை. இருபத்தெட்டு வருடம் முன்பும் அந்தத் தெருவைத் தாண்டப் பத்து அடிதான் தேவைப்பட்டிருக்கும். "நான் அவசரப்படலை, மூப்பரே. ரொம்ப லேட்டு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சனிக்கிழமை அவள் பழைய கோயிலின் கேட்டைத் தாண்டி உள்ளே போனாள். தரை பிளக்கவில்லை. முதல் பெஞ்ச் இடது பக்கம்தான் இருந்தது. தங்கை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கைப்பையை வைத்து இடம் பிடித்து வைத்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டீச்சர் உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்த்தாள். மேலே ஓர் இடத்தில் மட்டும் ஓடுகளின் நிறம் கொஞ்சம் வேறாக இருந்தது. ஒன்பது வயதுக்குப் பிறகு ஒரு கோயிலுக்குள் அவள் உட்கார்வது இதுதான் முதல் தடவை. முட்டிக்கு இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

பாட்டு ஆரம்பித்தது. வாசலில் மணப்பெண் வந்து நின்றாள். கோயில் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. டீச்சர் எழவில்லை.

"அக்கா, எழுந்திரு" என்று தங்கை குனிந்து காதில் சொன்னாள். "எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். நான் அம்பது வருஷம் நின்னாச்சு."

தங்கை ஒரு நிமிடம் அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு தானும் மெல்ல உட்கார்ந்தாள். நின்றவர்களின் நடுவே இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பார்த்தபடியே தங்கை கேட்டாள்.

"அன்னைக்கு மருந்துக்கடை வாசல்ல ஒன்றரை மணி நேரம் நின்னியே. உனக்குக் கால் வலிக்கலையாக்கா?"

"வலிச்சுதுடி" என்றாள் டீச்சர்.